பெட்டி சூடேறும் வரை

பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
காரிலிருந்து இறக்கிய மூன்று பெட்டிகளையும்
உடனே திறக்கக் கூடாது என்கிறாள் வேரா.
உறைந்த அரக்கு திடீரென்று சூட்டைக் கண்டால்
கண்ணாடிபோல் வெடித்துக் கோடு விழும்.
ஆகவே வின்னிபெக்கில், என் பட்டறைத் தரையில்,
ஐம்பத்தாறும் அறுபத்துநாலும் எழுபத்தெட்டும்
பூட்டியபடி படுத்திருக்கின்றன.
நாங்கள் நான்கு மணிநேரம்
தேநீர் குடித்தோம்.

அவள் வீட்டு ஹீட்டர் செவ்வாயன்று செத்துவிட்டது.
ஒரு கிதாரை விற்றாக வேண்டும்.
எதை என்று காது சொல்லட்டும் என்றாள்.
அவள் காது செல்கர்க் தெரு மதுக்கடைகளில்
முப்பது வருடம் தேய்ந்த காது.
அதனால் என் காது.

நான் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவள்.
மரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.
தெரிந்ததுபோல் கதைக்கும் ஆண்களைத் தெரியும்:
ஐம்பதுகளின் மரத்தில் தேன் ஊறியிருக்கிறதாம்,
எழுபதுகளில் தொழிற்சாலைக்குள்
கணக்குப்பிள்ளைகள் புகுந்துவிட்டார்களாம்.

கம்பளித் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டேன்.
"வாசி."

முதலாவது,
சின்ன வெங்காயத்தைக் கடித்ததுபோல்
நுனியில் ஒரு காரம், உடனே ஈரம்.
ஒவ்வொரு சுரமும் விழுந்த இடத்தில் நிற்காமல்
சற்றுத் தள்ளிப் போய் உட்கார்ந்தது.

இரண்டாவது,
பனிச் சப்பாத்தோடு மரப்படி ஏறும் கனம்.
மேல் தந்திக்கு வந்ததும்
சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தது.

மூன்றாவது எவர்சில்வர்.
வேறு சொல் கிடைக்கவில்லை.
மேசையில் சுழற்றிவிட்ட புதுத் தட்டு
நிற்கவே மாட்டேன் என்றது.

"முதலாவது ஐம்பத்தாறு," என்றேன்.
"எவர்சில்வர்தான் எழுபத்தெட்டு. அதை விற்றுவிடு."

வேரா சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

எவர்சில்வர்தான் ஐம்பத்தாறு.
போன வாரம் அதற்குப் புதுத் தந்தி போட்டிருக்கிறாள்.
எழுபத்தெட்டில் கிடந்ததோ
ஏழு வருடம் மாற்றாத பழந்தந்தி.
தேன் என்று நான் புகழ்ந்தது
துருவை.

மூன்றுக்கும் ஒரே தந்தி மாட்டி
மறுபடி வாசித்தோம்.
வித்தியாசம் இருந்தது,
இல்லை என்றால் பொய்.
ஆனால் அதன்மேல் வருடம் எழுதியிருக்கவில்லை.

அறுபத்துநாலைத் திருகாணி கழற்றித் திறந்தேன்.
மஞ்சளாகிப்போன ஒட்டுநாடாவில், பென்சிலில்:
கிரேசியெலா, மார்ச் ஒன்பது.
மயிரிழைச் செம்புக் கம்பியைக் காந்தத்தின்மேல்
கையால் நடத்திச் சுற்றியவளாக இருக்கலாம்.
மற்ற இரண்டைவிட இதில் சுற்று அதிகம்,
மீட்டர் சொல்கிறது.
எண்ணிக்கை மறந்திருப்பாள்.
சாப்பாட்டு மணி கேட்காமல் போயிருக்கும்.
அந்தக் கனத்த சப்பாத்து
அங்கேதான் தைக்கப்பட்டிருக்க வேண்டும்.

கடைசியில் ஐம்பத்தாறுதான் போனது,
அதற்குத்தான் விலை இருந்தது.
கால்கரியிலிருந்து வந்தவர்
ஒயரைச் செருகிக்கூடப் பார்க்கவில்லை.
டார்ச் அடித்துத் திருகாணிகளைப் பார்த்தார்,
மூடியின் உட்புறத்தை மோந்தார்.
புது ஹீட்டர், இரண்டு ஜன்னல்,
மிச்சத்துக்குப் பல் வைத்தியம்.

பெப்ரவரியில் போன் பண்ணினாள்:
"வந்து கேள்."

நிலவறையில் ஹீட்டரின் மோட்டார் சுழல
அறுபத்துநாலின் வழியே ஒரு முனகல்.
நான் பிறந்த ஊரில் மின்சாரம் ஐம்பதில் முனகும்.
இங்கே அறுபதில்,
இரண்டு கட்டைகளுக்கு நடுவே
பியானோவில் விரல் வைக்க முடியாத ஓர் இடத்தில்.

"செம்புத் தகடு ஒட்டினால் குறைந்துவிடும்,
அரை மணி வேலை," என்றேன்.
வேண்டாம் என்றாள்.
ஆறு தந்திகளையும் ஒரு மயிரளவு தளர்த்தி
ஹீட்டரின் சுருதிக்கு
ஏற்கெனவே இறங்கி வந்திருந்தாள்.

வாசித்தாள்.
மேல் சட்டையோடு படியில் உட்கார்ந்து கேட்டேன்.
வீடு போதுமான சூட்டை எட்டியதும்
க்ளிக்கென்று மோட்டார் நின்றது.
பாதிச் சுரத்தில் கையை எடுத்துத்
தந்திகளை அமர்த்திக்கொண்டாள்.

புது ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டு,
வீடு குளிரட்டும் என்று
காத்திருந்தோம்.